கறுப்பு வயர்

வீட்டு வாசலில் மூன்று மாதம் ஒரு மாருதி 800 எலும்புக்கூடாகக் கிடந்த கதையை எழுதச் சொல்லி நண்பர் ஒருவர் ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு வேண்டியது வயரிங் விவரம். எனக்கோ அதை எழுத உட்கார்ந்தால் அப்பாவைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன். இரண்டும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிழைப்புக்கு வந்து சேர்ந்த ஊர் புனே. வீடு தளேகாவ் பக்கம், கார் நிறுத்த ஒரு சின்ன போர்ட்டிகோவோடு. வேலை சாஃப்ட்வேர்தான், அதாவது ஆணி பிடுங்குவது. 2019 கடைசியில் பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் பையனுக்கு, இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, பின்னால் எஞ்சின் வைத்து, இரண்டு பேர் உட்காரும் பக்கி வண்டி கட்ட வேண்டும் என்று பைத்தியம் பிடித்தது. பரீட்சை முடியட்டும் என்றேன். மறந்துவிடுவான் என்று நினைத்தேன். மறக்கவில்லை. (உண்மையைச் சொன்னால் பைத்தியம் எனக்கும் கொஞ்சம் இருந்தது. தங்கமணிக்குத் தெரியும்.)

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வண்டியை நம் நாட்டில் ரோட்டில் ஓட்ட முடியாது. பதிவு கிடைக்காது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாகப் பதிவான வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. எங்கள் திட்டம், முல்ஷி பக்கம் நண்பர் ஒருவருடைய நிலத்துக்குள் மட்டும் ஓட்டுவது. பிரிக்க வாங்கிய காரின் ஆர்.சி. புத்தகத்தையும் ஆர்.டி.ஓ.வில் கொடுத்து முறையாக ரத்து செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் யாரும் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

ஏன் மாருதி 800? 1983 டிசம்பரில் முதல் வண்டி வந்தது, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. முப்பது வருஷம் ஓடிய வண்டி என்பதால் உதிரி பாகம் எந்த மூலையிலும் கிடைக்கும். 796 சிசி, மூன்று சிலிண்டர், எடையும் கம்மி. எங்களுக்குக் கிடைத்தது மும்பையில் ஓடிய 2003 மாடல், எம்.பி.எஃப்.ஐ. வகை. கடல் காற்றில் அடித்தளம் பூராவும் துரு. எஞ்சின் மட்டும் கல்லு மாதிரி. 2020 பிப்ரவரியில் அது வாசலுக்கு வந்தபோது சாவியைத் திருப்பியதும் ஒரே அடியில் செல்ஃப் எடுத்தது. அந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி அதைக் கேட்க மூன்று மாதம் ஆயிற்று.

போசரியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சட்டத்தை வெல்டிங் அடித்து வாங்கிவிட்டோம். மார்ச்சில் பையனுக்குப் பரீட்சை முடிந்தது. அடுத்த வாரம், மார்ச் 25, நாடே பூட்டிக்கொண்டது. வீட்டுக்குள் ஒரு பையன், வெளியே ஒரு கார், கையில் ஒரு டூல் பாக்ஸ். கடை ஒன்றும் இல்லை. ஒரு மீட்டர் வயர் வேண்டும் என்றாலும் அந்தக் காரிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

முதல் நாளே ஒரு தீபாவளி. பேட்டரியைக் கழற்றப் போனவன் ப்ளஸ் பக்கம் முதலில் கை வைத்தேன். ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டது. நீல நிறத்தில் ஒரு வெளிச்சம், ஒரு சத்தம், ஸ்பேனரில் ஒரு பல் அளவுக்குக் குழி. விரலில் மோதிரம் இருந்தது. அது நடுவில் மாட்டியிருந்தால் விரல் போயிருக்கும். கார் பாடி முழுக்க மைனஸ் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். தெரிந்தேதான் செய்தேன்.

அன்று ராத்திரி அப்பாவிடம் பேசும்போது இதைச் சொல்லவில்லை. அப்பா அம்பாசமுத்திரத்தில் தனியாக இருந்தார். மின் வாரியத்தில் ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேனாகி, லைன் இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனவர். அம்மா 2018ல் போன பிறகு, இங்கே வாங்க என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டோம். "அங்க வந்து நான் என்னத்தப் பண்ண?" என்பார். எங்கள் போன் பேச்சு நாற்பது செகண்டில் முடிந்துவிடும்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"போட்டாச்சு. சரி, வச்சிரட்டா?"

மாசம் பிறந்தால் பணம் போடுவேன். பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லிக் காய்கறி, மருந்து வாங்கிக் கொடுக்கச் செய்வேன். ஊரடங்கில் இதையெல்லாம் இன்னும் கூட்டினேன். அவருக்கு எல்லாம் போய்ச் சேர்கிறது என்று எனக்கு ஒரு திருப்தி. ஆனால் குரல் மட்டும் நாளுக்கு நாள் கம்மிக்கொண்டே போயிற்று.

வண்டிக்கு வருவோம். டேஷ்போர்டைக் கழற்றிவிட்டால் உள்ளே வயர்க் கட்டு தெரியும். அது தடுப்புத் தகட்டில் உள்ள ரப்பர் வளையம் வழியாக எஞ்சின் பக்கம் போகிறது. கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வளைத்து, பொறுமையாக உருவ வேண்டும். முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் முயற்சி செய்துவிட்டு, "வெட்டுடா, அப்புறம் சேத்துக்கலாம்" என்று பையனிடம் சொன்னேன். அவன் ஒரு கணம் தயங்கினான். அப்புறம் கட்டிங் பிளேயரால் வெட்டினான். பத்து நிமிஷத்தில் கட்டு வெளியே வந்துவிட்டது. தரையில் போட்டுப் பார்த்தால் கலர் கலராக இடியாப்பம். எதிலும் ஒரு சீட்டுகூட ஒட்டவில்லை.

ஒரு வாரம் உட்கார்ந்து, மல்டிமீட்டரில் பீப் சத்தம் வைத்து, எந்த முனை எதற்குப் போகிறது என்று கண்டுபிடித்து நோட்டில் எழுதினோம். வைப்பர், ஹீட்டர், ரேடியோ வயரெல்லாம் தனியே எடுத்தோம். இக்னிஷன், இசிஎம் என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்ப், செல்ஃப், டயனமோ, பிரேக் லைட், இவ்வளவு போதும். எஞ்சின் முன்னாலிருந்து பின்னால் போவதால் பல வயரை நீட்ட வேண்டியிருந்தது. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம். 4 மீட்டர் நீட்டி அதில் 10 ஆம்பியர் போனால், வழியிலேயே 0.7 வோல்ட் காணாமல் போகும். 12 வோல்ட்டில் அது சின்ன விஷயம் இல்லை. அதனால் பம்புக்கு இரட்டை வயர் போட்டோம். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஏப்ரல் கடைசியில் எஞ்சினைச் சட்டத்தில் உட்கார்த்தி, பேட்டரியை மாட்டினோம். இக்னிஷன் போட்டதும் பம்ப் இரண்டு செகண்ட் ரீங்காரம் போட்டு நின்றது. அப்படித்தான் நிற்க வேண்டும். பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சாவியைத் திருப்பினேன்.

டிக். அவ்வளவுதான்.

மறுபடி. டிக், டிக். எஞ்சின் கால் சுற்று சுற்றி நின்றது. மூன்றாவது தடவை சற்று அதிகமாகப் பிடித்தேன். பையன் "பப்பா, புகை!" என்று கத்தினான். பார்த்தால் ஆக்ஸிலேட்டர் கேபிள்! முன்னால் பெடலிலிருந்து பின்னால் எஞ்சினுக்குப் போகும் அந்த மெல்லிய இரும்புக் கேபிளின் பிளாஸ்டிக் உறை உருகி வழிகிறது. நல்லவேளை, பெட்ரோல் குழாய் அந்தப் பக்கம் இல்லை. பேட்டரியைப் பிடுங்கி எறிந்தோம். (மைனஸ் முதலில். அதையாவது கற்றுக்கொண்டிருந்தேன்.)

ஆக்ஸிலேட்டர் கேபிளில் கரண்ட் எப்படி வரும்? அது வயரே இல்லையே! பேட்டரி வீக் என்றேன். பக்கத்து வீட்டுக் கார் பேட்டரியை வாங்கி வந்தோம். அதே டிக். செல்ஃப் மோட்டாரைக் கழற்றித் தனியாகப் போட்டுப் பார்த்தோம், கும்மென்று சுற்றியது. இசிஎம் போயிருக்கும் என்றேன். மூன்று நாள் இப்படி. நாலாம் நாள் சாயங்காலம் என்னிடமிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டது.

"நீ வெட்டின வெட்டுலதான் எங்கேயோ போச்சு. ஒரு சீட்டு ஒட்டத் தெரியலை, வண்டி கட்ட வந்துட்டான்."

வெட்டச் சொன்னது யார் என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையில் இருந்த டேப்பைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனான். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. தங்கமணி என்னைப் பார்த்த பார்வைக்கு ஆக்ஸிலேட்டர் கேபிளே தேவலாம்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆபீஸ் மீட்டிங் ஒன்றில் இருந்தேன். வாசலில் பேச்சுச் சத்தம். பையன் போனை வீடியோவில் வைத்துக்கொண்டு சட்டத்துக்கு அடியில் படுத்திருக்கிறான். போனில் அப்பா! அவன் தமிழ் பாதி இந்தி, பாதி மராத்தி. தாத்தாவிடம் பேச வைப்பதென்றால் எங்களுக்குப் பெரும்பாடு. அப்பாவோ நெல்லைத் தமிழைத் தவிர வேறொன்றும் அறியாதவர்.

"ஏ ராசா, அந்தக் கறுப்பு வயரக் காட்டு. எங்க போகுது அது?"

"தெரியலை தாத்தா. கறுப்பு நிறைய இருக்கு."

"வீட்டு வயரிங்ல செவப்புல போற கரண்டு கறுப்புல திரும்பி வரும். அது நியூட்ரல். ஒங்க வண்டியிலயும் கறுப்புதான் திரும்பி வார வழி. பேட்டரியில இருந்து செல்ஃபுக்குப் போகுது, சரி. அங்க இருந்து பேட்டரிக்கு எப்பிடித் திரும்பி வருது?"

பையன் யோசித்தான். "வாபஸ் வர வயரா? அது... இல்லையே தாத்தா."

"வயரு இல்லாட்டி பாடி. பாடியில எங்க தொட்டுக்கிட்டு இருக்கு எஞ்சினு?"

அங்கேதான் எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. மீட்டிங்கை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

எஞ்சின் சட்டத்தின் மேல் நேரடியாக உட்காருவதில்லை. அதிர்வு தெரியாமல் இருக்க ரப்பர் மவுண்ட் மேல் உட்காருகிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதற்காகத்தான் காரில் எஞ்சினையும் பாடியையும் சேர்த்து, பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்று வைத்திருப்பார்கள். அதைப் பிரித்தது பையன் இல்லை, நான். பச்சை பிடித்து அசிங்கமாக இருக்கிறதே என்று பழைய இரும்பு டப்பாவில் நானே போட்டிருந்தேன். போதாக்குறைக்கு சட்டம் முழுக்க இரண்டு கோட் பெயிண்ட் அடித்து, போல்ட் ஓட்டைகளைக்கூட விடாமல் பூசியதும் நான்தான். எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் நடுவில் உலோகத் தொடர்பு என்று மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, ஆக்ஸிலேட்டர் கேபிள். செல்ஃபுக்கு வேண்டிய நூற்றுச் சொச்சம் ஆம்பியரும் வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது. உருகாமல் என்ன செய்யும்?

அப்பா விடவில்லை. ஊகமாகச் சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை அவர். கேபிளை எஞ்சின் பக்கம் கழற்றச் சொன்னார். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு முனை பேட்டரி மைனஸில், ஒரு முனை எஞ்சின் பிளாக்கில். ஒரு செகண்ட் மட்டும் சாவியைத் திருப்பு என்றார். இரண்டும் ஒரே மைனஸ் என்றால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. எங்களுக்குக் காட்டியது 11க்கு மேல். பிறகு ஜம்பர் கேபிளை பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்கில் மாட்டச் சொன்னார். பையன் சாவியைத் திருப்பினான்.

பிப்ரவரியில் கேட்ட அதே சத்தம். ஒரே அடியில் எடுத்தது. சைலன்சர் இன்னும் மாட்டாததால் தெருவே எட்டிப் பார்த்தது. போனில் அப்பா சிரிக்கிறது கேட்டது. அம்மா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

அன்றைக்குப் பேச்சு ஒன்றரை மணி நேரம். தொண்ணூறுகளில் ஒரு தெருவில் சில வீட்டில் பல்ப் மங்கலாக எரிய, சில வீட்டில் வெடித்து, ஒரு டிவியும் புகைந்துபோன கதையைச் சொன்னார். புதிதாகச் சேர்ந்த பையன்கள் மூன்று ஃபேஸையும் இரண்டு மணி நேரம் சோதித்துக்கொண்டே இருந்தார்களாம். மூன்றும் சரியாக இருந்ததாம். கடைசியில் டிரான்ஸ்பார்மரில் நியூட்ரல் ஜம்பர் அறுந்து தொங்கியிருக்கிறது. "போற வழிய எல்லாரும் பாப்பான். திரும்பி வார வழிய ஒருத்தனும் பாக்க மாட்டான்" என்றார். அவர் நியூட்ரலைத்தான் சொன்னார். எனக்குத்தான் அது வேறெங்கோ போய்க் குத்தியது.

எத்தனை வருஷமாக நான் அவருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறேன்! பணம், மாத்திரை, காய்கறி, விசாரிப்பு. அவரிடமிருந்து எனக்கு ஏதாவது வேண்டும் என்று ஒரு நாளாவது கேட்டேனா? முப்பத்தைந்து வருஷம் ஊருக்கே வெளிச்சம் கொடுத்த மனுஷனிடம் "சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பையனுக்கு அது தோன்றியிருக்கிறது. அவனுக்கு அப்பன் மேல் கோபம், அதனால் தாத்தாவிடம் போனான், அவ்வளவுதான் என்று தங்கமணி சொல்வாள். இருக்கட்டும்.

அன்று ராத்திரி பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ வெட்டினதுல தப்பே இல்லை, பட்டையைத் தூக்கிப் போட்டது நான்தான்" என்றேன். "தெரியும் பப்பா, டப்பாவுல பாத்தேன்" என்றான். எப்போது பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் தினமும் மாலை நாலு மணிக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து வீடியோ கால் வரும். மூக்குக் கண்ணாடியோடு தயாராக இருப்பார். வயரை முறுக்கி டேப் சுற்றிய இடத்தையெல்லாம் பிரிக்கச் சொன்னார். "அது அடுத்த மழை வரைக்கும்தான்." எல்லாம் சால்டரிங் வைத்து, மேலே சுருங்கு குழாய் போட்டோம். டயனமோ சார்ஜ் ஏறவில்லை. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்குப் பக்கம் காட்ட வேண்டியது 12.3லேயே நின்றது. டேஷ்போர்டோடு நாங்கள் தூக்கி எறிந்த சார்ஜ் லைட் வழியாகத்தான் டயனமோவுக்கு முதல் உசுப்பல் போகிறது என்று அவரும் பேரனும் சேர்ந்தே கண்டுபிடித்தார்கள். ஒரு பல்பை மாட்டியதும் சரியாயிற்று.

நண்பர் கேட்டது இதுதான் என்பதால், பழைய காரைப் பிரிக்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக:

1. மோதிரம், வாட்ச் கழற்றுங்கள். பேட்டரியில் மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

2. பிரிக்கும் முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ. ஒவ்வொரு கனெக்டருக்கும் இரண்டு பக்கமும் ஒரே நம்பர் போட்ட சீட்டு. கடைசி வரைக்கும் கட்டிங் பிளேயரைத் தொடாதீர்கள்.

3. வேண்டாத வயர் என்று எதையும் வண்டி ஓடும் வரை தூக்கிப் போடாதீர்கள். ஒரு சின்ன பல்பும் காரணத்தோடுதான் இருக்கும்.

4. எர்த் போல்ட் வரும் இடமெல்லாம் பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு லக்கை முறுக்குங்கள். 100 ஆம்பியர் போகும் இடத்தில் 0.01 ஓம் தடை இருந்தாலும் 1 வோல்ட் போய், 100 வாட் சூடு அங்கேயே இறங்கும்.

5. எஞ்சின், சட்டம், பேட்டரி மைனஸ், மூன்றையும் தடித்த கேபிளால் இணையுங்கள். சந்தேகம் வந்தால் புது பார்ட் வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்.

2021 டிசம்பரில் அப்பா புனே வந்தார். நான் கூப்பிடவில்லை, அவராகவே "அந்த வண்டிய ஒருக்கப் பாக்கணும்" என்றார். முல்ஷி நிலத்தில் பக்கி நின்றது. பேரன் ஹெல்மெட்டை நீட்டினான். அவர் அதை வாங்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே பின்னால் போய்க் குனிந்து, எஞ்சின் பக்கம் எர்த் லக்கை விரலால் அசைத்துப் பார்த்தார்.

"லூசா இருக்குலே. பத்தாம் நம்பர் ஸ்பேனர் எடு."

முறுக்கிய பிறகுதான் ஏறி உட்கார்ந்தார்.

பையன் இப்போது வேறு ஊரில் ஹாஸ்டலில் இருக்கிறான். போன வாரம் போன் செய்தான். கெட்டில் போட்டால் ரூம் எம்.சி.பி. விழுகிறதாம், என்ன பண்ணலாம் என்று கேட்டான். ஒரு கார் வயரிங் முழுவதையும் பிரித்துச் சேர்த்தவனுக்கு இது தெரியாதா என்ன? தெரியும். அவனுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, "வீடியோவுல வா, ப்ளக்கக் காட்டு" என்றேன்.